ஒரிஜினல் பத்திரமா வீட்டுல இருக்கு

கடைத்தெரு முனையில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிறவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக, அந்த வட்டாரத்திலிருந்து வெளிநாடு போனவர்களின் காகிதங்கள் எல்லாம் அவள் மெஷின் வழியாகத்தான் போயின. ‘அந்த நாட்டுக்கு விசாவே வேண்டாமாம்’ என்று யாராவது கையை வீசிக்கொண்டு வந்தால் அவளுக்குப் பொறுக்காது.

“விசா வேண்டாம்னா எதுவுமே வேண்டாம்னு நினைச்சீங்களா? பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடியாகணும். திரும்பி வர டிக்கெட் கையில இருக்கணும். தங்கற இடத்து முகவரி வேணும். முத்திரை குத்தக் காலிப் பக்கம் வேணும். ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.”

நகலை ஃபைலில் செருகி, ஒரிஜினலைத் திருப்பித் தரும்போது மட்டும் குரல் இறங்கும். “இதைப் பத்திரமா உள்ள வைங்க.”

அவள் மட்டும் எந்த நாட்டையும் பார்த்ததில்லை. அவளுடைய பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்திலும் மைப்பொட்டு கிடையாது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது அதிலிருக்கும் முத்திரைகளை ஒரு நொடி பார்த்துக்கொள்வாள். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

ஐம்பது வயது முடிந்ததும் துணிந்துவிட்டாள். ஐந்து நாள், கடலோர நாடு, விசா தேவையில்லை, கணவரும் அவளும். டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்றுதான் கணவரின் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். ஐந்து மாதம்தான் பாக்கி. ஊருக்கெல்லாம் ஆறு மாதம் என்று ஓதியவள் வீட்டில் இருந்ததைத் திறந்து பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“அதனாலென்ன, என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ. அவ பாஸ்போர்ட் புதுசு. இப்போ விட்டா நீ இன்னும் இருபது வருஷம் அடுத்தவங்க முத்திரையைத்தான் பார்த்துட்டு இருப்பே” என்றார் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

புறப்படும் நாள் வந்தது. அக்காவும் நாத்தனாரும் விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே போய், வாசலில் ஆதார் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, கவுண்டர் திறக்கும்வரை காத்திருந்து, வரிசையில் முதல் ஆளாக நின்றார்கள். அக்கா ஃபைலை நீட்டினாள். டிக்கெட், ஓட்டல் ரசீது, படிவம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில். எல்லாவற்றுக்கும் மேலே, பளபளவென்று கலரில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம்.

கவுண்டர் பெண் புரட்டிப் பார்த்தாள். “மேடம், இது காப்பி. ஒரிஜினல் எங்கே?”

“பத்திரமா வீட்டுல இருக்கு” என்றாள் அக்கா, பெருமையாக.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

“அண்ணி!” என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் பின்வரிசையே திரும்பியது. “ஊருக்கே பாடம் எடுப்பீங்களே!”

முந்தின நாள் கடையில் நகல் எடுத்ததும் பழகிய கை பழகியதைச் செய்துவிட்டது. நகல் ஃபைலுக்குள் போயிற்று. ஒரிஜினல் பக்கத்தில் நின்ற கணவரிடம் போயிற்று. “பத்திரமா உள்ள வைங்க” என்று வாயும் சேர்ந்துகொண்டது. முப்பது வருஷமாக அவள் சொல்லைத் தட்டாத மனிதர், வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்திருந்தார்.

அக்கா கணவருக்குப் போன் போட்டாள். “என்னங்க, என் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு உடனே வாங்க. கவுண்டர் மூட ரெண்டு மணி நேரம்கூட இல்ல.”

“வரேன். பெட்டிச் சாவி?”

அக்கா கைப்பைக்குள் கை விட்டாள். சாவி சமர்த்தாகக் கிடந்தது. “என் பைக்குள்ளயே இருக்குங்க.”

“சரி, பெட்டியோடயே வரேன்” என்றார் அவர்.

ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அக்கா வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, தலைமேல் இரும்புப் பெட்டியோடு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார் கணவர். காவலர் மறித்தார்.

“பெட்டியைத் திறங்க.”

“திறக்கத்தான் சார் வந்திருக்கேன். சாவி உள்ள நிக்கற என் பொண்டாட்டிகிட்ட இருக்கு.”

காவலரே சிரித்துவிட்டார். அக்கா வெளியே ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மேலே அவளுடைய பாஸ்போர்ட். அதற்கடியில் அவருடையது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டாள்.

“என்னோடதை உள்ள வை. அதுக்கு வயசாயிடுச்சு” என்றார் கணவர், சட்டைக் காலரால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டினால் சரியாகிவிடும் என்று, “சாப்பிட்டீங்களா இல்லையா?” என்று அதட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

கவுண்டர் மூட ஒன்பது நிமிஷம் இருந்தது.

விமானம் இறங்கியதும், அந்த நாட்டு அதிகாரி காலிப் பக்கங்களைப் புரட்டி, அவள் முகத்தை ஒரு தரம் பார்த்து, டொக்கென்று குத்தினார். அவ்வளவுதான். மை காயும்வரை அக்கா ஊதினாள். பயணப் பெட்டி எடுக்கும் இடத்துக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“குத்திட்டாங்க!”

“அப்படியா! நல்லா விழுந்திருக்கா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நானும் பாக்கறேன்.”

“முடியாது.”

“ஏம்மா?”

“நகலெல்லாம் பார்த்தது போதும். நான் வந்ததும் உங்க பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போறோம். நீங்க இங்க வந்து, உங்களுதுல ஒண்ணு குத்தி வாங்கிக்கோங்க. நான் இன்னொரு தடவை வரேன் கூட.”