புஷ்பவல்லி கொண்டுவந்த ரப்பர் முத்திரை

பிரிக்பீல்ட்ஸில் கோமளா டிராவல்ஸ் என்றொரு சிறிய கடை இருந்தது. அதன் கவுண்டரில் இருந்தவர் புஷ்பவல்லி. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்ட அவர், நான் சொல்லப்போகும் 1987 வரை விமானம் ஏறியதில்லை. இது அவரே சொன்னது.

இந்தியாவுக்கு ஓடிய கப்பல் நின்றுபோன பிறகு, எங்களைப் போன்றவர்கள் விமானத்தில் போக அவரிடம் மாதாமாதம் பணம் கட்டினோம். தொகை நிறைந்ததும் விமான நிறுவனத்தின் வவுச்சர் வரும். பயணம் முடிவானதும் அதைக் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். என் மனைவி வள்ளியம்மா தையல் காசில் அப்படி ஒன்று வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். தஞ்சாவூரில் இருக்கும் தன் அக்கா சிவகாமியைப் பார்க்கத்தான்.

அந்த மார்ச்சில் தந்தி வந்தது. புதன்கிழமை அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன், டாக்டர் உறுதி சொல்லவில்லை, உடனே வா. திங்கள் காலை விமானத்தில் இடம் இருந்தது. நானோ போர்ட் கிள்ளான் கிடங்கில் மூட்டை சரிந்து, கால் முறிந்து, கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். 14ஆம் தேதி சனிக்கிழமை வள்ளியம்மா தனியாகவே பிரிக்பீல்ட்ஸ் போனாள். அங்கே நடந்ததை என்னிடம் நடித்தே காட்டினாள்.

“வவுச்சர் அண்ணன் பேர்லதானே இருக்கு. போறது யாரு, அக்கா?” என்று கேட்டாராம் புஷ்பவல்லி.

“நான்தான். வீட்டுக்காரர் பேர்ல வாங்காம வேற யார் பேர்ல வாங்குவாங்க?”

“அப்ப அண்ணன்தான் பறக்கணும். நீங்க சுபாங் ஏர்போர்ட்ல நின்னு கையாட்டணும்.”

வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு மின்சார பில், ரேடியோ லைசென்ஸ், அவள் தைக்கும் மெஷினின் தவணை எல்லாமே என் பெயரில்தான். வவுச்சரையும் அப்படியே வாங்கிவிட்டாள். அதை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால், பெயருக்குரியவர் ஏஜெண்டின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு கடை கிடையாது. அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

“அழாதீங்கக்கா. அண்ணன் எந்த வார்டு?”

கடையைப் பூட்டிவிட்டு, புஷ்பவல்லி மழையில் பஸ் ஏறி அவளோடு கிள்ளானுக்கு வந்தார். எந்த பஸ் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் எழுதவில்லை. ஈரச் சேலையோடு என் கட்டில் பக்கத்தில் நின்று, பையிலிருந்து பெயர் மாற்றும் பாரத்தையும் ரப்பர் முத்திரையையும் எடுத்தார்.

“கையெழுத்துப் போடுங்கண்ணே. போடாம ஓடிடாதீங்க லா.”

மாவுக்கட்டோடு கிடந்த என்னைப் பார்த்து அடுத்த கட்டில் சீனர்கூடச் சிரித்தார். என் எக்ஸ்ரே உறைமேல் பாரத்தை வைத்துக் கையெழுத்திட்டேன். அதன்மேல் அவர் முத்திரை குத்தினார். பஸ் காசு கொடுத்தோம், வாங்கவில்லை. ஒரு மைலோ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய் மாலை வள்ளியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வள்ளியம்மா புஷ்பவல்லிக்கு ஒரு சுங்குடிச் சேலையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வவுச்சருக்கு முதல் மாதப் பணத்தைக் கட்டினாள்.

“இந்தத் தடவை யார் பேர்லக்கா?”

“வள்ளியம்மா. நல்லாப் பெரிசா எழுது.”

நான் ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்றிருந்தேன். என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.