லிங்கி ஆலை ஜெனரேட்டருக்குள் எங்களுக்கு முன்பே ஒன்று போயிருந்தது

லிங்கி பக்கம் தோட்டங்களைப் பார்க்க ஒரு நாள் போதுமா என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். போதும். ஆனால் நான் போனது ஊர் சுற்ற இல்லை, வேலைக்காக. ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேச்சு வரவில்லை. இப்போது எல்லாம் முடிந்து முடிவும் தெரிந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுவார். அலுவலகத்தில் ஒரு பரிசோதகர் அதை எடுத்து, உலகத்தில் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிட்டு, "இதில் புதிது என்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விண்ணப்பதாரர் சார்பில் பதில் எழுதுவது என் வேலை. மோட்டார், ஜெனரேட்டர் போன்ற சுழலும் மின் இயந்திரங்களைச் சோதிக்கும் கருவிகள் பற்றி எத்தனையோ விண்ணப்பங்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. ஒரு ஜெனரேட்டரின் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா அக்கா நீலாயில் ஒரு கடை வீட்டை வாடகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருக்கிறார். மின் பொறியாளர். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக ஒரே ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். ஜெனரேட்டருக்குள் ஒரு பெரிய உருளை சுழலும், அதைச் சுற்றி ஒரு கூடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இடுக்கில் ஊர்ந்து போய்ப் படம் பிடிக்கும் தட்டையான சின்ன வண்டிதான் அவருடைய கருவி. அதற்கு அவர் வைத்த பெயர் கரப்பான். இரண்டு பக்கமும் வில் (ஸ்பிரிங்) வைத்த இறக்கைகள். ஓர் இறக்கை கூட்டை அழுத்தும், மற்றது உருளையை அழுத்தும். அதனால் தலைகீழாகக்கூட விழாமல் ஊரும்.

பரிசோதகர் விடவில்லை. வெளிநாட்டுப் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி, இடுக்கில் ஊரும் வண்டி ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பழைய வண்டி காந்தத்தால் ஒட்டிக்கொள்வது, நம்முடையது இறக்கையால் பிடித்துக்கொள்வது, அதுதான் வித்தியாசம் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். வாக்கியம் ஓடவில்லை. ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன்.

"காகிதத்தப் பாத்தே எழுதுனா எப்படி ஓடும்? லிங்கி மில்லுல ஒரு மெஷின் சும்மா நிக்குது. வந்து பாரு லா," என்றார்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலிலிருந்து காலை கொமுட்டர் ரயில் பிடித்தேன். நீலாய்க்கு ஒரு மணி நேரம், கட்டணம் ஆறு வெள்ளிக்குள். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டெல்லா அக்கா நிலையத்து வாசலில் தன் சின்னக் காடியோடு நின்றார். பின் இருக்கையில் கரப்பான், குழந்தைகளுக்கான சோற்றுப் பெட்டி ஒன்றுக்குள், பாதுகாப்பு வார் போட்டு.

சிரம்பான் வழியாக போர்டிக்சன் நெடுஞ்சாலையைப் பிடித்து, லுக்குட்டில் இறங்கிப் பசியாறினோம். ரொட்டி சானாய், மீன் குழம்பு, தே தாரிக். லுக்குட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரம் கடலும் ராணுவ முகாம் வேலிகளும் மாறி மாறி வரும். பாசிர் பாஞ்சாங் வந்ததும் கடல் மறைந்து இரண்டு பக்கமும் செம்பனை. நீலாயிலிருந்து இந்த வழியில் எழுபத்தைந்து கிலோமீட்டர் காட்டியது. அவசரமென்றால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பெடாஸ் லிங்கி வெளிவழியில் இறங்குங்கள். அது இன்னும் கிட்டத்தில்.

தோட்டத்துக்குள் மண் சாலை. முதலில் ஒரு மாரியம்மன் கோயில், பிறகு தமிழ்ப்பள்ளி, பிறகு வரிசை வீடுகள். வீடுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். அதற்கு அப்பால் செம்பனை எண்ணெய் ஆலை. பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். வேகவைத்த பழக்குலையின் கனத்த எண்ணெய் வாசனை, அன்று உடுத்திய துணியை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

ஆலையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் குணா அண்ணன். மின்பகுதிப் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும். மெல்லிய குரல்தான், ஆனால் ஜெனரேட்டர் கூடத்தின் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பாதுகாப்புக் காலணியும் காது மூடியும் தந்தார்.

கூடத்தில் இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ரெண்டாவதுதான், தங்கச்சி. டர்பைன் வால்வு பழுதுக்குப் போயி இத்தன நாளா நின்னுச்சு. வால்வு போன வாரம் வந்துடுச்சு. திங்கக்கெழம காலைல இத ஓட்டிட்டு, அத நிப்பாட்டிச் சர்வீஸ் பண்ணப் போறோம். அதுக்குள்ள நீங்க பாத்துக்கங்க," என்றார். இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்.

ஸ்டெல்லா அக்கா கரப்பானை இடுக்கில் வைத்து விரலால் மெதுவாகத் தள்ளினார். அது இறக்கையை விரித்துக்கொண்டு உள்ளே போனது. வால் மாதிரி ஒரு மெல்லிய கம்பி பின்னால் நீண்டுகொண்டே போயிற்று. திரையில் தேன் நிறத்தில் வார்னிஷ் பூசிய சுவர், கம்பிச் சுருள்களை இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகள் வரிசை வரிசையாக. ஆவணங்களில் வெறும் எண்ணாகவும் கோடாகவும் பார்த்துப் பழகியவை. பக்கத்தில் நின்று பார்க்கையில் எனக்குக் கோயில் உட்பிராகாரம் மாதிரி இருந்தது. வாக்கியங்கள் தன்னால் வர ஆரம்பித்தன. இனி பதில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

வண்டியை அடிப்பக்கம் கொண்டுபோனார். நடுவில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது.

"துணியா?" என்றார் குணா அண்ணன்.

"பல்லி செத்துக் கெடக்கா?" என்றேன் நான்.

ஸ்டெல்லா அக்கா விளக்கைக் கூட்டினார். துணி இல்லை. பல்லியும் இல்லை. நான்கு சக்கரம். நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி, அது எங்களையே பார்த்தது.

ஸ்டெல்லா அக்கா கரப்பானை ஓட்டப் பிடித்திருந்த கைப்பிடியை விட்டுவிட்டார். "இது என்னோடது இல்ல," என்றார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. "என்கிட்ட இருக்கறது ஒன்னே ஒன்னுதான். அதுதான் இப்ப உள்ள இருக்கு."

அந்தக் கறுப்பு வண்டிக்கு இரண்டு பக்கமும் வில் வைத்த இறக்கைகள் இருந்தன. எந்த ஒன்றை வைத்து நம்முடையது புதிது என்று எழுத வந்தேனோ, அதுவே உள்ளே கிடந்தது.

குணா அண்ணனுக்கு வேறு அதிர்ச்சி. அவர் பக்கத்திலிருந்த கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹரிராயாப் பெருநாள் கழிந்து ஒரு குத்தகை நிறுவனத்து ஆட்கள் வந்து இந்த ஜெனரேட்டரைச் சோதித்தார்களாம். திரையைத் தங்கள் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தார்களாம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மூடியைத் தாங்களே போட்டுவிட்டுப் போனார்களாம்.

"திங்கக்கெழம ஸ்டார்ட் பண்றது நான்தான்," என்றார். "பக்கத்துலயேதான் நிப்பேன். என் கூட ரெண்டு பேரு."

ஓடினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஸ்டெல்லா அக்கா சொன்னார்: நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே ஓர் இரும்புத் துண்டு. முதலில் சுருளின் மின்காப்புத் தோல் கிழியும், அடுத்து மின்பொறி, அடுத்து தீ. அதற்குப் பிறகு எது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து ஜெனரேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு காலணி வழியாக என் காலுக்கு ஏறியது. நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

குணா அண்ணன் எழுந்து கூடத்து வாசலுக்கு எங்களைக் கூட்டிவந்து, அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தார். எடுத்தவரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் மலாயில் கேட்டது இவ்வளவுதான்: கேமரா இன்னும் வேலை செய்கிறதா?

இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை. அதில் ஒரு பதற்றம்கூட இல்லை. அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. குணா அண்ணன் போனை வைத்துவிட்டு ஆலை மேலாளரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை ஓட்டம் நிறுத்தப்பட்டது.

இனி அதை வெளியே எடுக்க வேண்டும். கூட்டில் காற்றுப் போவதற்காக ஆங்காங்கே பிளவுகள் உண்டு. அந்த ஆட்கள் பின்னால் இழுத்தபோது கறுப்பு வண்டியின் இறக்கை ஒரு பிளவில் கொக்கி மாதிரி மாட்டியிருக்கிறது. விடாமல் இழுத்திருக்கிறார்கள், வால்கம்பி அறுந்துவிட்டது. முன்பக்கமாகத் தள்ளினால் கழன்றுகொள்ளும். தள்ளுவதற்குக் கரப்பானை விட்டால் வேறு ஆள் இல்லை. அதுவும் மாட்டிக்கொண்டால் நான்கு வருட உழைப்பும் உள்ளேயே போய்விடும்.

"வேணாம் மேடம். ஆள வச்சு உருளையவே கழட்டிக்கலாம்," என்றார் குணா அண்ணன்.

"கழட்டறப்ப அது உரசி உள்ள கிழிச்சா? நான் தள்றேன். நீங்க அந்தப் பக்கம் போயி நில்லுங்க."

குணா அண்ணன் மறுபக்க மூடியைக் கழற்றிவிட்டுக் கையை இடுக்கருகே வைத்துக்கொண்டு நின்றார். முதல் தடவை கரப்பானின் சக்கரம் வழுக்கியது. அடுத்த தடவை கறுப்பு வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி இன்னும் இறுகியது. ஸ்டெல்லா அக்கா கரப்பானை வெளியே இழுத்து, சக்கரத்தைத் துடைத்து, இன்னொரு கோணத்தில் அனுப்பினார். படம் டக்கென்று ஒருமுறை குலுங்கியது. திரையில் அந்தக் கண் அசைந்து, விலகி, நகர ஆரம்பித்தது.

"வந்துடுச்சு!" என்று மறுபக்கத்திலிருந்து கத்தினார் குணா அண்ணன்.

உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். அடியில் ஒட்டியிருந்த மாடல் பெயரைக் கைப்பேசியில் தேடினேன். வெளிநாட்டுத் தயாரிப்பு. அது ஊர்வதைக் காட்டும் காணொளி ஒன்று பொதுவில் கிடந்தது. ஸ்டெல்லா அக்கா விண்ணப்பம் போட்டதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே ஏற்றியது. பரிசோதகர் கண்ணில் இது படவில்லை. பட்டிருந்தால் என் வாதம் ஒரு வரிகூட நின்றிருக்காது.

ஸ்டெல்லா அக்கா அந்தக் காணொளியை இரண்டு தடவை பார்த்தார். "இப்படி ஒன்னு இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது வாசுகி." பிறகு மெல்லக் கேட்டார்: "இத அந்தப் பரிசோதகர்கிட்ட சொல்லணுமா?"

பரிசோதகர் கேட்டது அந்தக் காந்த வண்டியைப் பற்றி மட்டும்தான், அதற்கு மட்டும் பதில் எழுதினாலும் வேலை நடந்துவிடலாம் என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் இப்போது தெரிந்துகொண்டே இறக்கைதான் புதிது என்று என்னால் எழுத முடியாது என்றும் சொன்னேன்.

அவர் குணா அண்ணன் கையிலிருந்த கறுப்பு வண்டியைப் பார்த்தார். "சொல்லாமப் போனவன் ஒருத்தன் போதும். எழுதிக் குடு."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கரப்பானும் அதே பிளவுகளைத் தாண்டித்தானே போயிற்று? பின்னால் இழுத்தபோது அது ஏன் மாட்டவில்லை? கேட்டேன்.

"வால இழுத்தா றெக்க தன்னால மடங்கிடும். கரண்டு போனாலும் மடங்கும். உள்ளயே நின்னுட்டா என்ன பண்றதுன்னு ஆரம்பத்துலயே வச்சுட்டேன். இதுல என்ன இருக்கு? சின்ன விஷயம்."

அந்தச் சின்ன விஷயம் விண்ணப்பத்தின் விவரிப்பில் ஒரே ஒரு வாக்கியமாக இருந்தது. நான்தான் அதை அங்கே சேர்த்திருந்தேன், பெரிதாக நினைக்காமல். முதலில் கொடுத்த விண்ணப்பத்தில் இல்லாத எதையும் பிறகு நுழைக்க முடியாது. இது இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து உரிமைக் கோரிக்கையை மாற்றி எழுதினேன். காணொளியையும் கறுப்பு வண்டியின் படங்களையும் நாங்களே இணைத்தோம்.

பரிசோதகர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார், இரண்டும் கடுமையானவை. இறக்கை வைத்த வண்டி என்ற பெரிய உரிமை போய்விட்டது. இழுத்தால் மடங்கும் இறக்கைக்கு மட்டும் காப்புரிமை கிடைத்தது. முன்பு கேட்டதில் கால்வாசிகூடத் தேறாது. ஸ்டெல்லா அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு, போதும் என்றார். குத்தகை நிறுவனத்தின் மேல் ஆலை நிர்வாகம் புகார் கொடுத்திருக்கிறது. அது இன்னும் நடக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டத்துக்குள் பேருந்தை நம்பாதீர்கள், சொந்தக் காடியில் போங்கள். ஆலைக்குள் நினைத்த நேரத்தில் விட மாட்டார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். காலை மூடும் காலணியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பழக்குலை லோரிகள் வளைவில் ஒதுங்காது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். லிங்கி ஆற்றோரம் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல கடைகள் உண்டு என்றார்கள். எங்களுக்கு அன்று சாப்பிடத் தோன்றவில்லை.

நான் படிக்கும் ஆவணங்களில் "இயந்திரம் நின்றிருக்கும்போது" என்று ஒரு சொற்றொடர் அடிக்கடி வரும். பல வருடமாகக் கண் நிற்காமல் தாண்டிப் போனது. இப்போது அந்த இடத்தில் நிற்கிறேன். அந்த இயந்திரம் திரும்ப ஓடும்போது பக்கத்தில் யாரோ நிற்பார்கள்.

அந்த ஜெனரேட்டரை வேறு ஆட்களை வைத்து முழுதாகச் சோதித்துச் சுத்தம் செய்து ஓட்டிய அன்று, குணா அண்ணன் எனக்குப் போன் செய்தார். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நான் மட்டும்தான் உள்ள நின்னேன். ஒரு நிமிசம் பேசாம இரு, தங்கச்சி," என்றார். போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒரே சீராக ஒரு இரைச்சல். தட்டல் இல்லை, உரசல் இல்லை. நானும் அலுவலகத்தில் எழுந்து நின்று, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்குதா?" என்றார்.

கேட்டது.