கஞ்சி போட்ட இடது இறக்கை

செல்லம்மா! உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா என் வாயிலேயே போடுவாள். "அக்கான்னு சொல்லுடி" என்பாள். இப்போது அவள் அடிப்பதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம். நீதான் திரும்பிப் பார்க்க மாட்டாய்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்புதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா ஏரோப்ளேன் விட்ட கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை செய்து குடியிருந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. ஒரு நாள் பெருமழை வரும் நேரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த ஏரோப்ளேன் எங்கள் பந்துத் திடலில் இறங்கிவிட்டது. ஓட்டி வந்த வெள்ளைக்காரர் துரை பங்களாவுக்கு டீ குடிக்கப் போனார். ஆடும் பிள்ளைகளும் அதன் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ள, அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கங்காணி காவல் நிறுத்தினார். ஆடு ஒன்றும் போகவில்லை. அக்காதான் போனாள். சாயங்காலம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"அடியே, ரெண்டு றெக்கையையும் கம்பிதான்டி இழுத்துப் புடிச்சு வச்சிருக்கு! குறுக்கும் நெடுக்குமா எத்தனை கம்பி! சுண்டிப் பாத்தேன், எல்லாம் ஒரே சத்தம் போடுது. நானும் ஒண்ணு செய்யப்போறேன்."

செய்தாள். மூங்கிலைச் சீவி எலும்பு வைத்தாள். பட்டம் செய்யும் காகிதத்தை ஒட்டினாள். அப்பாவின் பழைய பால் வெட்டும் உளியால் முன்னால் சுற்றுகிற விசிறியைச் செதுக்கினாள். அது சுற்ற விசை வேண்டுமே? ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நீளமாக ஒட்டியிருக்கும், கோட்டுப்பால் என்போம். நல்லதாக நான்கு இழை உருவி மடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். அதை முறுக்கி விட்டால் விசிறி 'விர்ர்' என்று சுற்றும். எனக்குச் சோறே வேண்டாம், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஆனால் அவளுக்கு உயிர் எல்லாம் நூலில்தான். இரண்டு இறக்கைக்கும் நடுவே பெருக்கல் குறி போலத் தையல் நூல் கட்டினாள். பூக் கட்டுகிற முடிச்சு, இழுத்தால் இறுகும். கட்டி முடித்ததும் நகத்தால் சுண்டுவாள். இடப்பக்கம் 'டிங்' என்றால் வலப்பக்கமும் 'டிங்' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவாள். தினமும் விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை சுண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

முதல் தடவை விட்டபோது மேல் இறக்கை மடங்கி விழுந்தது. இரண்டாவது தடவை பறந்தது! அம்பு மாதிரி நேராகப் பறந்து, திடலைத் தாண்டி, ரப்பர் மரக் கிளையில் மாட்டி மூக்கை உடைத்துக்கொண்டது. நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசை, லயமே சிரித்தது. அதற்குள் பொந்தியானிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்துவிட்டது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல? ஏரோப்ளேன் ஓட்டப் போயிருக்கான்னு சொல்லவா?"

அப்பா அவ்வளவு கத்தவில்லை. ஒரு ஒப்பந்தம் போட்டார். "ஞாயித்துக்கிழம அவங்க வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவ விட்டுக்க. மரத்துல மாட்டாம திடலுக்குள்ளயே வந்து எறங்குச்சுன்னா வச்சுக்க. மாட்டுச்சு, அடுப்புல போட்டுட்டு வந்து பூ வச்சுக்க."

அடுப்பு என்று சொல்லிவிட்டாரே! நானும் ஏதாவது செய்ய வேண்டுமே! சனிக்கிழமை மத்தியானம் அக்கா துணி துவைக்கப் போயிருந்தாள். அம்மா வடித்து வைத்த கஞ்சியைப் பார்த்தேன். அப்பா வேட்டிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கிறதே, நூலுக்குப் போட்டால் ஏரோப்ளேனும் விறைப்பாக நிற்குமல்லவா? விரலால் தொட்டுத் தொட்டு நூலில் பூசினேன். இடது இறக்கையை முடித்தபோது, "கஞ்சிச் சட்டி எங்கடி?" என்று அம்மா குரல் கேட்டது. ஓடிவிட்டேன். வலது இறக்கையை மறந்தே போனேன்.

ஞாயிறு காலை திடலைச் சுற்றி அரைத் தோட்டம் கூடிவிட்டது. அக்கா வழக்கம்போல நூலைச் சுண்டினாள். வலப்பக்கம் சுண்டினாள். இடப்பக்கம் சுண்டினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். நூலை அவிழ்த்துக் கட்டவில்லை. ரோட்டிலிருந்து லயத்துக்கு வரும் மண் பாதையை ஒரு தரம் பார்த்தாள். விசிறியை முறுக்கினாள், நூற்றுக்கு மேல் எண்ணினாள். கையை விட்டாள்.

ஐயோ, அது போன அழகு! தலைக்கு மேலே எழும்பியது. நேராக மரத்தைப் பார்த்துப் போனது. போச்சு என்று நான் கண்ணை மூடப் பார்த்தேன். அப்போது இடப்பக்கம் சாய்ந்தது. திரும்பியது! மரத்தைத் தொடாமல் வளைந்து, வட்டம் போட்டு, எங்கள் தலைக்கு மேலேயே திரும்பி வந்தது.

"அக்கா, திரும்பிருச்சு! திரும்பிருச்சுக்கா!" என்று கத்திக்கொண்டே அதன் கீழேயே ஓடினேன். ஏரோப்ளேன் திடலோரத்துப் பாதைப் பக்கம் தாழ்ந்தது. அங்கே மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் வந்தவரின் தலைப்பாகையில் போய் 'பொத்'தென்று இறங்கியது.

"அலமாக்!" என்று மலாயில் அலறி அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம்.

அப்பா முகம் செத்துப்போனது. மாமன் எழுந்து தலைப்பாகையைத் தட்டினார். "இதான் ஒங்க ஊரு ஆரத்தியா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரோடு வந்த ஒருவர் மட்டும் சிரித்தார். அவர் குனிந்து ஏரோப்ளேனை எடுத்தார். நூலில் கை படாமல், அடிக்கட்டையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பக்கமும் சுண்டினார்.

"எடப்பக்கம் இறுக்கமா இருக்கு. அதான் வளைஞ்சு வந்திருக்கு. எங்க அன்னாசி டின்னு கம்பெனில பெல்ட்டும் இப்படித்தான், இறுக்கின பக்கமே ஓடும். யாரு கட்டினது?"

நான் அழத் தயாரானேன். "நான்தான். கஞ்சி போட்டேன்" என்றாள் அக்கா.

அவர்தான் மாப்பிள்ளை. ஏரோப்ளேன் அடுப்புக்குப் போகவில்லை. இரண்டு மாதத்தில் அக்காவோடு பொந்தியானுக்குப் போனது. பஸ் ஏறும்போது நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. என் கஞ்சியால்தான் அது திரும்பியது, அவர் தலையெழுத்தும் அவள் தலையெழுத்தும் சேர்ந்தது, நானே என் அக்காவைத் தள்ளி அனுப்பிவிட்டேன் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள் என்று தகவல் வந்தபோதும் முதலில் அந்தக் கஞ்சிச் சட்டிதான் கண்முன் வந்தது.

பதினாறாம் நாள் முடிந்து அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, அந்த ஏரோப்ளேனை எங்களிடம் கொண்டுவந்தார். காகிதம் பழுத்திருந்தது. "எத்தன தரம் கேட்டிருப்பேன், எடது பக்க நூல மாத்தித் தரவான்னு. வலது பக்கத்த மாத்த விட்டா. இத மட்டும் தொடவே விடல" என்றார்.

அவர் போன பிறகு அந்த நூலைச் சுண்டினேன். வேறு சத்தம். பிள்ளைக்குக்கூடத் தெரியும் சத்தம். தினமும் சுண்டிய என் அக்காவுக்கா தெரியாது? முடிச்சை அவிழ்த்துக் கட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பட்டம் விட்டவள், எந்தப் பக்கம் இறுகினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தவள். பாதையில் வந்த மூன்று பேரை நான் பார்த்தது அவள் கையை விட்ட பிறகு. அவள் பார்த்தது அதற்கு முன்னால்.

அன்றைக்கு அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவள் மாப்பிள்ளை பார்த்தாள். யார் கோபப்படுகிறார், யார் குனிந்து எடுக்கிறார், எப்படிப் பிடித்து எடுக்கிறார் என்று பார்த்தாள். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போது செல்லம்மா என்று ஒரு தரம் சொல்லுங்கள். போன இடத்தில் அவள் சுகமாக இருக்க வேண்டும் என்று எனக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.