ஒரே துணியில் ஐந்து ஜாக்கெட்

லூர்து மேரி வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே பேசுவாள். பேசும்போது எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், தோளைத்தான் பார்ப்பாள். பென்னாகரத்தில் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்காத பெண்கள் குறைவு. கடைவீதியில் வணக்கம் சொன்னால்கூட, "டீச்சர், அந்தக் கை புடிக்குதாட்டம் இருக்குது. கொண்டாங்க, பிரிச்சு வுடறேன்" என்பதுதான் பதில். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்குக் கோபம் கோபமாக வரும். அப்புறம் பழகிவிட்டது.

வருஷத்துக்கொரு முறை தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது ஒரு பெரிய ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஆண்களுக்கு இடமில்லை. "ஆம்பளைங்க வந்தா டீக்கடை டீக்கடையா நிப்பாங்க. அப்பறம் ஊர எங்க பாக்கறது?" கூட்டத்தில் யாரும் தொலையாமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே தானில் கிழித்த துணியில் ஜாக்கெட். போன ஆகஸ்ட் பதினைந்துக்குப் பெங்களூர் போனபோது வாடாமல்லி நிறத்தில் மஞ்சள் புள்ளி. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் யாரும் பஸ் ஸ்டாண்டில் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் நானும் மாட்டிக்கொண்டேன்.

செல்லம்மாளும் நஞ்சம்மாளும் வழக்கமாக வருகிறவர்கள். தீர்த்தம்மாள் புதிது. தர்மபுரியைத் தாண்டியதில்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. அவள் கணவர் மாதையன் அரை மனதாகத்தான் சம்மதித்தார். பஸ் ஏற்றிவிட வந்தவர் லூர்து மேரியைத் தனியே கூப்பிட்டு, "உன்ன நம்பித்தான் அனுப்பறேன். கூட்டிட்டுப் போறவ நீ, கொண்டாந்து வுடறவளும் நீதான்" என்றார்.

"மறந்து வெச்சிட்டு வர அது என்ன கொடையாங்கண்ணா?" என்று சிரித்தாள் இவள்.

விதான சௌதாவை வெளியே நின்று பார்த்துவிட்டு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனோம். தூறல், குளிர், தேர்த் திருவிழா போலக் கூட்டம். கண்ணாடி மாளிகைக்குள் பூவைப் பார்த்தோமோ இல்லையோ, முன்னால் போனவர்களின் முதுகை நன்றாகப் பார்த்தோம். வெளியே வந்தால் தீர்த்தம்மாளைக் காணோம்.

எங்களை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு லூர்து மேரி ஓடினாள். வாசல் வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் வெறுங்கையோடு வந்து நின்றாள். "மாதாவே, அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" எல்லோருமாக வாசலில் இருந்த போலீஸ்காரரிடம் போனோம். நல்ல வேளை, அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"என்னம்மா உடுத்தியிருந்தாங்க?"

"வாடாமல்லி ஜாக்கெட்டுங்க, மஞ்சப் புள்ளி போட்டது. கை எறக்கம் எட்டு இஞ்சி. எடது தோளு கொஞ்சம் தாழ்ந்தாப்புல இருக்கும்."

"அது சரி, முகம் எப்படி இருக்கும்? மூக்குத்தி எந்தப் பக்கம்?"

லூர்து மேரியின் விரல் தன் மூக்கின் இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம் போனது. தீர்த்தம்மாள் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, தினமும் தண்ணீருக்கு ஒன்றாகப் போகிறவள். லூர்து மேரி என்னைப் பார்த்தாள், செல்லம்மாளைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்க உக்காந்திருக்கறது யாரு?" என்றாள் நஞ்சம்மாள்.

வாசலை ஒட்டிய பெஞ்சில், சாம்பல் நிறத்தில் ஆண்கள் போடும் ஸ்வெட்டரும் தலையில் முக்காடுமாகத் தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூங்காவுக்குள் நுழையும்போதே பின்தங்கி, விடியலில் மாடு கறக்கும் கணவருக்கென்று நடைபாதைக் கடையில் வாங்கியது. குளிர் தாங்காமல் தானே போட்டுக்கொண்டிருக்கிறாள். வாடாமல்லி முழுக்க உள்ளே மறைந்துவிட்டது.

"ரெண்டு தரம் என்னப் பாத்துக்கிட்டேதான தாண்டிப் போன?" என்றாள் லூர்து மேரியிடம். "கேக்காம கடைக்குப் போனதுக்குக் கோவமாட்டம்னு நானும் வாயத் தொறக்கல."

நல்ல வசவு விழப்போகிறது என்று காத்திருந்தோம். லூர்து மேரியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற நடந்தாள்.

நாங்கள் திரும்பி வந்தது வீடியோ பஸ்ஸில். படத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். ஜன்னலோரம் தீர்த்தம்மாள் முக்காடோடு தூங்கிவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் லூர்து மேரி. ஓசூர் தாண்டியதும் அவள் மெல்லத் திரும்பி, அந்த முக்காட்டை விலக்கி முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலால் வலப்பக்கத்து மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.