சினை ஊசிக் கேனில் என் புங்கன் இலை

1. பனி பூத்த கேன்

காலை டிபனுக்கு முன்பே நர்சரியில் அழுகைச் சத்தம். ஆராய்ச்சி மாணவி ரேவதி மண் நிரப்பிய கவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இலையை உறைய வைக்க அவள் கொண்டுவந்த திரவ நைட்ரஜன் கேன். அதன் வெளிப்புறமெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"கேன் லீக்குங்கய்யா. உள்ள ஒரு சொட்டு நைட்ரஜன் இல்ல."

நிலக்கரி மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அங்கே இன்று புங்கன் தோப்பு நிற்கிறது என்றால் அது நான் வளர்த்த கன்று. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், கான்ட்ராக்டில் மண்வெட்டி பிடித்தவன், சொந்த நர்சரி போட்டேன். அதனால்தான் ரேவதியும் என்னைத் தேடி வந்தாள்.

அவளுக்காக மண்மேட்டு மண்ணை நர்சரிக்கே கொண்டுவந்து இரண்டு வரிசை கன்று வைத்திருந்தோம். ஒரு வரிசை நிழல்வலைக்கு அடியிலிருந்து நேரே வெயிலுக்குப் போனது. மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி வைத்தோம். தளிர் விரியும் கட்டத்தில் இலையை எடுத்து, அதிலுள்ள புரோட்டீன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செடி வளர்வதில் கவனமாக இருக்கிறதா, உயிரைக் காப்பாற்றிக்கொள்வதில் இருக்கிறதா என்று அதில் தெரியுமாம்.

"ரெண்டு வரிசையும் ஒண்ணுதாம்மா. என் கண்ணுக்குத் தெரியாதது உன் மெஷினுக்கா தெரியப் போவுது?" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

அன்று தளிர் விரிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். மறுபடி கன்று போட்டு வளர்ப்பதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும்.

"வடலூர் மீன் மார்க்கெட்லேர்ந்து ஐஸ் பெட்டி வரவழைக்கிறேன். அழுவாத."

"ஐஸ் பத்தாதுங்கய்யா. வெட்டுனது இலைக்குத் தெரியும். உடனே உள்ள எல்லாத்தையும் மாத்த ஆரம்பிச்சிடும். அந்த நிமிஷமே கல்லா ஒறையணும். அப்பத்தான் அது என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு தெரியும்."

கல்லாக உறைய வைக்கும், புகை கக்கும் கேன். அதை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேனே? சட்டென்று நினைவு வந்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் சம்பந்தம்! காளை விந்துக் குச்சிகளை அவர் நைட்ரஜன் கேனில்தான் வைத்திருப்பார்.

2. மாடு முந்தியா, செடி முந்தியா

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வடக்குத்துல கீறேன். உங்க மேரி வூடுதான். மாடு கத்திகினு கீது" என்றார் சம்பந்தம்.

பக்கத்து ஊர் வடக்குத்தில் குடியிருக்கும் மேரி, என் நர்சரியில் கவருக்கு மண் நிரப்புகிறவள். மாட்டுக்காகத்தான் அன்று லீவு. போனை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டாள் போலிருக்கிறது.

"ஏன் மொதலாளி, மாட்டுக்கு லீவான்னு நேத்து சிரிச்சீங்க. இன்னிக்கு அதுக்கு வந்த ஆளையே கூப்புடுறீங்களா? போன தபா பருவம் தப்பிப்போச்சு. இந்த தபாவும் தப்புனா நீங்களா பால் கறப்பீங்க?"

"பொண்ணு அழுவுதும்மா, மேரி."

"எந்தப் பொண்ணு? இலைய நறுக்கிப் பொட்டலம் கட்டுமே, அதுவா?" அங்கேயே திரும்பிக் கேட்டாள். "யோவ் சம்பந்தம், என் மாடு தாங்குமா?"

"மத்தியானம் வரைக்கும் தாங்கும்க்கா."

"அப்ப ஓடு. ஆனா அந்தப் பொண்ணையும் கையோட கூட்டியா. கயிறு புடிக்க எனக்கு ஆளு வேணும்."

கேனைக் கட்டிக்கொண்டு சம்பந்தம் பைக்கில் பறந்து வந்தார். ரேவதி வெட்ட வெட்ட, பொட்டலங்கள் புகைக்குள் இறங்கின.

"குச்சிங்க பத்திரம்மா. எல்லாம் நல்ல சாதிக் காளைங்க. எம் பொழப்பே அதுலதான் கீது" என்றார் அவர்.

வெயில் ஏறுவதற்குள் இரண்டு வரிசையும் முடிந்தது. அப்படியே வடக்குத்துக்குப் போனோம். ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். சம்பந்தம் கேனுக்குள் இடுக்கியை விட்டார்.

"பாத்து எடுய்யா. என் மாடு புங்கங்கன்னு போட்டுடப் போவுது!" என்றாள் மேரி. அழுதுகொண்டிருந்த பெண் அப்போதுதான் சிரித்தாள். ரேவதி போன் செய்திருந்த ஆராய்ச்சிக்கூடத்து ஜீப், சாயங்காலம்தான் வேறொரு கேனோடு மேரி வீட்டு வாசலுக்கே வந்து பொட்டலங்களை வாங்கிப் போனது.

3. பச்சையின் நடிப்பு

இலையை அரைத்து, புரோட்டீனைப் பிரித்து, முடிவு வரப் பத்து மாசம் ஆனது. ஒருநாள் ரேவதி லேப்டாப்போடு வந்தாள். திரையில் கோடு கோடாக இருந்தது.

"இது நேரா வெயிலுக்குப் போன வரிசைங்கய்யா. உயிரைக் காப்பாத்துற புரோட்டீன்தான் அதிகம். இது பழக்கி வெச்ச வரிசை. வளர்ச்சிக்கான புரோட்டீன் நெறைய இருக்கு."

இலை வெட்டிய அன்று இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். நான் அசரவில்லை.

"என் கண்ணுல கோளாறு இல்லம்மா. செடி நடிச்சிருக்கு. பெரிய ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தா, முதுகு வலியோட எங்க கான்ட்ராக்ட் ஆளுங்க சிரிச்சிகினு நிப்பாங்களே, அது மாதிரி."

"கரெக்டுங்கய்யா. அதேதான்" என்றாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கன்று பச்சையாக இருக்கிறதே என்று நம்பி வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் வெயிலுக்குப் பழக்குங்கள். இப்போது என் நர்சரியில் பழக்காமல் ஒரு கன்றும் மண்மேட்டுக்குப் போவதில்லை.

லேப்டாப்பை இன்னும் மூடவில்லை. வாசல் பக்கமிருந்து மேரியின் குரல் கேட்டது.

"ஏ ரேவதி! கன்னுல வாய வெச்ச, தோல உரிச்சிடுவேன்!"

ரேவதி திடுக்கிட்டு எழுந்தாள். பழக்கி வைத்த வரிசைக்கு நடுவில், வாயில் ஒரு புங்கன் தளிரோடு, பிறந்து சில வாரமே ஆன கிடேரிக் கன்று நின்றுகொண்டிருந்தது.

"கயிறு புடிச்ச பொண்ணு பேருதான் வெச்சிருக்கேன்" என்றாள் மேரி.