மலைக்குத் திரும்பிய கல்

பெல்லெக்ரினோ மலையை அழகு என்று சொல்கிறவர்கள் அதில் வெறுங்காலோடு ஏறியிருக்க மாட்டார்கள். கடலோரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புப் பாறை அது. வெயிலில் கண் கூசும். கல் காலைக் கிழிக்கும். மேலே ரொசாலியா மாதாவின் குகை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நாங்கள் சைவக்காரர்தான், ஆனாலும் ஞாயிறு என்றால் அங்கேதான்.

எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பாவைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைக்கும் அம்மா, மலைப்பாதையில் சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கண்டெடுத்தார். மலையில் சிப்பி என்றால் தெய்வச் செயலாம். சாமித்தட்டில் வைத்து, மஞ்சள் பூசி, பால் வார்த்தார். அப்பா வரும்வரை அது வீட்டில் இருக்கும் என்பது நேர்த்தி.

அந்த மாதமே பள்ளிக்கூடத்தில் எங்களை அதே மலைக்குக் கூட்டிப்போனார்கள். இது ஒருகாலத்தில் கடலடி, செத்த சிப்பிகள் இறுகித்தான் பாறையானது என்றார் ஆசிரியை. அடிவாரக் குகையில் ஆதிமனிதர் கீறிய உருவங்களைப் பற்றியும் சொன்னார். கடைசியில், இங்கே கல் எடுத்தால் பொலிஸ் பிடிக்கும் என்றார். எனக்குப் பொலிஸ் என்றால் நாங்கள் விசாவுக்கு வரிசையில் நிற்கும் குவெஸ்தூரா, பொலிஸ் கந்தோர். அப்பாவின் கடதாசியும் அவர்கள் கையில்தான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கல்லைப் புத்தகப்பையில் ஒளித்துக்கொண்டு அம்மாவோடு ஏறினேன். பாதி வழியில் தோள் விட்டுப்போயிற்று.

“கொண்டா இஞ்சை. உள்ளை என்ன, அம்மிக்கல்லே?”

“புத்தகம்.”

“மலைக்குப் படிக்கவோ வாறாய்?”

அம்மாவே பையை உச்சிவரை சுமந்தார். பையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, குகையில் சொட்டும் தண்ணீரை அவர் போத்தலில் பிடிக்கும்போது நான் கல்லை எடுத்துப் பற்றைக்குள் எறிந்தேன். இறங்கும்போதும் பை அவர் தோளில்தான்.

அன்று மாலை மேல்மாடி மாமி சாமித்தட்டைப் பார்த்துக் கத்தினார். “கல்லு எங்கை? உவள் கை வைச்சவளோ?”

“பிள்ளையை ஏன் இழுக்கிறியள், மாமி? மாதா தன்ர கல்லைத் தானே எடுத்திட்டா. இனி அவர் வருவார்.”

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் எங்கள் ஆட்கள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதி முழுக்க அதே கதை. அப்பா அடுத்த வருடம் வந்தார்.

அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடங்கள் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீர் வாளி தூக்கிப் பிழைத்தவர் அவர். ஏறும்போது கனத்த பை இறங்கும்போது கனக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேனே, மடைச்சி.