காலண்டர் தாளும் கௌசல்யாவின் மூணு மாசமும்

கிராமத்து நர்சுன்னா ஊசி போடறவன்னு நெனச்சிட்டிருக்காங்க. பாதி நேரம் அடுத்தவங்க வூட்டுத் தேதியைத் தேடறதுதான் எங்க பொழப்பு. என் கூட்டாளி நர்சுகளே, உங்களுக்குத் தெரியாததா!

பாகூர் பக்கம் எங்க துணை சுகாதார நிலையத்துலதான் கௌசல்யா ரெண்டு வருஷமா கருத்தடை மாத்திரை வாங்கினா. ரெண்டாவது புள்ளைக்கு ஆசைப்பட்டு நிறுத்தினா. "மாத்திரை கர்ப்பப்பையைக் காய வச்சிடும்"னு யாரோ கிளப்பிவிட, நடுங்கிப் போய் வந்தா. "அதெல்லாம் இல்ல, தானா சீராவும். மூணு மாசம் மாசவிலக்கு வரலன்னா டாக்டர்கிட்ட போவலாம்"னு வாக்கு குடுத்தேன். கடைசியா விலக்கான தேதியைக் குறிச்சு வைக்கவும் சொன்னேன்.

வட்டம் போட்ட தேதி

ரெண்டு மாசம் கழிச்சு மாமியாரோட வந்தா. "இன்னும் வரலக்கா"ன்னு கண்ணுல தண்ணி. கர்ப்பமான்னு சோதிச்சுப் பாத்தேன், இல்ல. தேதியைக் கேட்டேன். காலண்டர்ல பேனாவால வட்டம் போட்டாளாம். எந்தக் காலண்டர்? தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர்! கிழிச்ச தாளைக் காணோம். அம்மன் கோயில்ல கூழு ஊத்தின மறுநாள்னு ஞாபகப்படுத்தி ஒருவழியா கணக்குப் போட்டோம். மாமியாருக்கு ஒரு வருத்தமும் இல்ல: "நேத்து நேத்தோட போச்சு நர்சம்மா, அத்த இன்னாத்துக்கு தொங்க வுட்டுக்கினு? வெந்நீர் அடுப்புக்கு ஆச்சு."

களி

வேளைக்குச் சாப்பிடு, பருப்பு, கீரை, முட்டை சேத்துக்க, நல்லா தூங்குன்னு சொன்னேன். பருப்புன்னது மாமியார் காதுல உளுந்தங்களின்னு விழுந்துது. காலையில களி, சாயங்காலம் களி. கௌசல்யா தின்ன முடியாம நைசா புருஷன் தட்டுல தள்ளிட்டா. கரும்புத் தோட்டத்துலேர்ந்து நேரா எங்கிட்ட வந்தான் அந்த மனுஷன்: "மாத்திரைய நிறுத்துனது அவ, சட்ட பட்டன் போட முடியாம நிக்கறது நானா?"

ஏரிக்கரை

தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னேன். எங்க பக்கம் ஒருத்தி வெறுங்கையோட நடந்தா சண்டை போட்டுக்கினு அம்மா வூட்டுக்குப் போறான்னு அர்த்தம். ஏரிக்கரையில நாலு பைக் நின்னு சமாதானம் பேசிச்சு. சேதி அவ பொறந்த வூடு இருக்கற மடுகரைக்குப் போயி, மறுநாள் முதல் பஸ்ஸுலயே அவ அம்மா வந்து எம்மேல பாய்ஞ்சா: "கட்டிக் குடுத்தவ நானு, அவள வூட்ட வுட்டு நடக்கச் சொல்ல நீ யாரும்மே?"

ஒரு தாள்

அப்புறம் கையில காலி கட்டைப்பையோட நடந்தா, ஒருத்தரும் கேக்கல. ஆனா மூணு மாசம் முடிய ரெண்டே நாள். டாக்டருக்குச் சீட்டும் எழுதிட்டேன். வெளிய தைரியம் சொன்னாலும், என் வாக்கு பொய்யாப் போயிடுமோன்னு உள்ளுக்குள்ள எனக்கே உதறல்.

அன்னிக்குத் தடுப்பூசி நாள். வரிசையை இடிச்சுத் தள்ளிக்கினு மாமியார் வந்தா. பின்னாடி கௌசல்யா, சிரிக்கிறா, அழுவறா. மாமியார் இடுப்புலேர்ந்து நாலா மடிச்ச காலண்டர் தாளை எடுத்து மேசையில வச்சா. அன்னித் தேதியில வட்டம் போட்டிருந்துது. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. "இன்னிக்கு அடுப்புல போடல நர்சம்மா. இத்த உன் நோட்டுலயே ஒட்டிக்க, மறுபடி எங்கிட்ட தேதி கேக்காத!"

மாத்திரையை நிறுத்தினா உடம்பு பொறுமையா தன் வழிக்கு வந்துடும். அதுவரைக்கும் வூட்டுல இருக்கறவங்களைச் சமாளிக்கறதுதான் எங்க வைத்தியமே.